விருந்தினர் வரும் நாள்

தொடக்கப் பள்ளிக்கு விருந்தினர் வருகிறார் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன யாவை? மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியின் கீச்சொலி, ரோஜா மாலை, ஆசிரியர் சைகை காட்டியதும் எழும் கைதட்டல், இறுதியில் கையில் விழும் ஒரு மிட்டாய். மிட்டாயின் நிறம்கூட நினைவிருக்கும்; விருந்தினர் பேசியதில் ஒரு சொல்லும் நினைவிராது. இதில் குழந்தைகளின் குற்றம் ஒன்றும் இல்லை.

விருந்தினர் வருகை குழந்தைக்கு எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்வித்துறை மாணவன் அல்லேன், வேதியியல் படிப்பவன். இதை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, அந்த வேலையை ஒரு முறை நன்றாகக் கெடுத்தவன் என்பதுதான்.

என் முதல் வருகை

சென்ற சனவரி மாதம் நம் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத் தொலைவில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எழுதியிருந்தார். குடியரசு நாள் விழாவுக்குத் தமிழ் மாணவர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்து, தம் ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் விருப்பம். செயற்குழுவில் யாரும் முன்வரவில்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் முயன்று உரை எழுதினேன். அறைத் தோழர் பீகார்க்காரர். அவர் அதை நல்ல இந்தியில் திருத்திக் கொடுத்தார். சங்க காலத்தில் தொடங்கிச் சோழர் கடற்படை வழியாக விண்வெளி ஆய்வுவரை அவ்வுரையில் எல்லாம் இருந்தன. ஒன்றே ஒன்று இல்லை: எதிரில் இருக்கப் போகிறவர்களுக்கு ஆறு முதல் பத்து வயது என்ற நினைவு.

காசியின் சனவரிக் காலைப் பனியை நீங்கள் அறிவீர்கள். சணல் விரிப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த குழந்தைகள் கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையிலேயே முழக்கமிட்டபடி ஊரைச் சுற்றி ஊர்வலம் வந்தவர்கள் அவர்கள். கொடியேற்றம், பாட்டு, நாடகம் எல்லாம் முடிந்து, லட்டுப் பெட்டிகள் கண்ணெதிரே மேசைமேல் இருக்க, நான் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். முதல் வரிசையில் ஒரு சிறுவன் என்னை ஒரு முறையும் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் குறை கூறேன்.

பேசி முடித்தபின் தலைமையாசிரியை, "ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்று குழந்தைகளைக் கேட்டார். நெடுநேரம் அமைதி. பிறகு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "பையா, அடுத்த வருஷம் வேறு யாராவது வருவார்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பிடிக்கவில்லை என்கிறாள் என்று எண்ணி நானும் சிரித்து வைத்தேன். திரும்பும் வழியில்தான் வேறு பொருள் தோன்றியது. ஆண்டுக்கொரு முகம் வரும், பேசும், போகும், மறுமுறை வராது. அவள் கண்டறிந்த உலக நடப்பு அது. அதைத்தான் கேட்டாள்.

வெயிலில் நின்ற நாள்

அன்றிரவு என் சொந்த ஊர்ப் பள்ளி நினைவுக்கு வந்தது. நான்காம் வகுப்பில் படித்தபோது புதிய வகுப்பறைத் திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கு வருவார் என்று எட்டரைக்கே எங்களைச் சாலையின் இருமருங்கிலும் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு காகிதக் கொடி. அவர் வந்தபோது மணி பதினொன்றரை. அதற்குள் என் பக்கத்தில் நின்ற பையன் மயங்கி விழுந்துவிட்டான். சத்துணவு ஆயா அவனைத் தூக்கிப் போய் நிழலில் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, நீராகாரம் கொடுத்தார். வண்டி எங்களைக் கடந்து போக அரை நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளிருந்து ஒரு கை அசைந்தது.

அந்தப் பெரிய மனிதர் கெட்டவர் அல்லர்; வகுப்பறை கட்ட உதவியவர். எங்கள் ஆசிரியர்களும் இரக்கமற்றவர்கள் அல்லர். பிறகு ஏன் அப்படி நடந்தது? அன்று விழா யாருக்காக என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. விருந்தினருக்காகக் குழந்தைகள் என்றாயிற்று. குழந்தைகளுக்காக விருந்தினர் என்று ஆகியிருக்க வேண்டும். நான் காசியில் செய்ததும் இதே தவறுதான். அங்கே வெயில், இங்கே பனி, வேறுபாடு அவ்வளவே.

விருந்தினர் பள்ளிக்குள் வந்த வரலாறு

பழைய திண்ணைப் பள்ளியில் ஊரே பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர் நின்று பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்கலாம். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கோல்களுடன் வீடு வீடாகச் சென்று பாடுவார்கள்; வீட்டார் கொடுப்பது ஆசிரியருக்குச் சேரும். அங்கே விருந்தினராகச் சென்றவர்கள் பிள்ளைகளே!

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு விருந்தினர் வந்தார். அவர் பள்ளி ஆய்வாளர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்றொரு முறை நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் சொல்லிச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படிப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். ஆசிரியரின் ஆண்டு வருமானம் அந்த ஒரு நாளில் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் விடையைப் பொறுத்தது என்றால், அவர் என்ன செய்வார்? கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்விப்பார். 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையைக் கைவிடச் சொல்லியது. முறை போயிற்று, அச்சம் போகவில்லை. 'யாரோ வருகிறார்கள்' என்றதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கெட்டிக்காரப் பிள்ளைகளை முன் வரிசைக்குக் கொண்டுவருவதும் இன்றும் தொடர்கின்றன. பின் வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விடுதலைக்குப் பின் இம்முறையைத் தலைகீழாக மாற்றிய முயற்சி நம் தமிழ்நாட்டில் நடந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956இல் பொதுமக்கள் தரும் பொருளைக் கொண்டு பள்ளிகளில் பகல் உணவு தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்து, ஊராரே ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் கரும்பலகை கொடுத்தார், ஒருவர் நாற்காலி, ஒருவர் பாத்திரம், ஒருவர் கட்டடம். அமைச்சர்கள் வந்தார்கள், மாலைகளும் விழுந்திருக்கும். ஆனால் விழா முடிந்த மறுநாள் பள்ளியில் ஏதோ ஒன்று மிஞ்சி நின்றது. நல்ல விழாவுக்கு அதுவே உரைகல் என்பேன்: மறுநாள் காலையில் குழந்தைக்கு என்ன மிஞ்சியது?

இன்றைய நாட்காட்டி

இன்று எந்த மாநிலமாயினும் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாக்களால் நிறைந்தது. ஆகஸ்டு 15, சனவரி 26 ஆகிய தேசிய நாட்கள். இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், 1962 முதல் கொண்டாடப்படுவது. நேரு பிறந்த நவம்பர் 14 குழந்தைகள் நாள். தமிழ்நாட்டில் காமராசர் பிறந்த சூலை 15 கல்வி வளர்ச்சி நாள். குசராத்தில் புதிதாகச் சேரும் குழந்தைகளை வரவேற்கும் விழாவுக்கு 2003 முதல் அரசு அலுவலர்களே ஊர் ஊராகச் செல்கிறார்கள். பிறந்த நாள், திருமண நாள் முதலிய சிறப்பு நாட்களில் ஊரார் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு உணவு பரிமாறும் 'திதி போஜன்' வழக்கமும் அங்கே தோன்றியதே. வடநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் சனிக்கிழமைதோறும் 'பால சபை' கூடும். பிள்ளைகளே பாடுவார்கள், கதை சொல்வார்கள், விடுகதை போடுவார்கள்.

விருந்தினர் வரச் சட்டமும் திட்டமும் வழி வைத்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். விருந்தினரை அழைக்கும் யோசனை அங்கிருந்தே வரலாம். மத்திய அரசின் 'வித்யாஞ்சலி' என்ற தன்னார்வத் திட்டம் 2016இல் தொடங்கி, 2021இல் புது வடிவம் பெற்றது. ஆகவே வாய்ப்புக்குக் குறைவில்லை. வாய்ப்பைப் பயன்படுத்தும் முறையில்தான் குறை.

தபால்காரர் வந்த நாள்

என் பள்ளிக்கு வந்த விருந்தினர்களுள் ஒருவரை மட்டும் நான் மறக்கவில்லை. அவருக்கு மாலை போடவில்லை; ஒலிபெருக்கியும் இல்லை. அவர் எங்கள் ஊர்த் தபால்காரர். நாள்தோறும் பார்க்கும் மனிதர்தாம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு நாள் அவரைப் பள்ளிக்குள் அழைத்து, "இவரிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதலில் நாங்கள் கேட்டது, "அண்ணே, உங்களை நாய் கடித்திருக்கிறதா?" என்பதுதான். அவர் கால்சட்டையை முழங்கால்வரை உயர்த்தித் தழும்பைக் காட்டினார். அத்துடன் வகுப்பு அவர் வசமாயிற்று. பிறகு பையைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். முன்புறம் இருந்த முத்திரை கடிதம் புறப்பட்ட ஊரையும் நாளையும் காட்டுவது, பின்புறம் இருந்தது வந்து சேர்ந்த நாளைக் காட்டுவது என்றார். இடையில் எத்தனை நாள் என்று நாங்களே கணக்கிட்டோம். 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஆறு இலக்கங்களையும் பிரித்துக் காட்டினார். முதல் இலக்கம் பெரும்பகுதியைக் குறிக்கும்; தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்து, கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தைச் சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். "முகவரி தப்பாக இருந்தாலும் இந்த எண் சரியாக இருந்தால் உங்கள் கடிதம் என்னிடம் வந்துவிடும்" என்றார்.

காசிக்கு வந்து விடுதி முகவரியை முதன்முதலாக எழுதியபோது, எண் 2இல் தொடங்குவதைக் கண்டு அவரைத்தான் நினைத்தேன். அவர் எங்களுடன் இருந்தது அரைமணி நேரம். அந்த அரைமணி பதினைந்து ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது.

அவர் வருகையில் இருந்து, பெரிய மனிதர் வருகையில் இல்லாமற் போனவை எவை? எண்ணிப் பார்த்தால் மூன்று. முதலாவது, அவர் கையில் ஒரு பொருள் இருந்தது, தொட்டுப் பார்த்தோம். இரண்டாவது, பேச்சைத் தொடங்கியவர் அவர் அல்லர், நாங்கள். மூன்றாவது, மறுநாளும் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். கேட்க மறந்ததை அப்போது கேட்டோம்.

மீண்டும் அதே பள்ளியில்

இவ்வெண்ணத்துடன் பிப்ரவரியில் அதே பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வியப்படைந்தார். "திரும்பி வந்த விருந்தினர் நீங்கள் ஒருவர்தாம், தம்பி, மன்னிப்பு எதற்கு?" என்றார். சனிக்கிழமைப் பால சபையில் முக்கால் மணி நேரம் தந்தார். இம்முறை உரை எழுதவில்லை. நம் சங்கத்துத் தோழி ஒருவரையும், ஒரு டப்பா அரிசி மாவையும் அழைத்துச் சென்றேன்.

வகுப்பாசிரியையைக் கேட்டதில் ஒரு செய்தி தெரிந்தது. பிள்ளைகள் பலருடைய வீட்டு மொழி போஜ்புரி. பாடநூல் இந்தி அவர்களும் பள்ளிக்கு வந்து கற்றுக்கொள்வதுதான். அப்படியானால் என் முதல் உரையில் என்னைப் போலவே அவர்களும் திணறியிருப்பார்கள்! நான் என் இந்தி குறைபாடு உடையது என்று தொடக்கத்திலேயே சொல்லி, தவறு வந்தால் திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய பரிசை அவர்களுக்கு வேறு யாரும் தந்திருக்க முடியாது. பெரியவர் ஒருவரைத் திருத்தும் உரிமை எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

கரும்பலகையில் 'காகம்' என்று எழுதினேன். கா கா என்று கத்திக் காட்டியதும் "கௌவா! கௌவா!" என்று வகுப்பே கூவியது. ஒரே எழுத்தை முதலில் வன்மையாகவும் அடுத்து மென்மையாகவும் படித்துக் காட்டினேன். இந்தியில் அந்த இடத்துக்கு நான்கு எழுத்துகள் உண்டு; நமக்கு ஒன்றே. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "அப்படியானால் எப்போது எப்படிப் படிப்பது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். நான் அதுவரை என்னைக் கேட்டுக்கொண்டிராத கேள்வி அது. கல், காகம், பங்கு, பக்கம் என்று நான்கு சொற்களை எழுதினேன். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. மெல்லினத்தை அடுத்து வந்தால் மெல்லொலி. உயிர்களுக்கு இடையில் இன்னும் மெலிந்த ஒலி. விதியை நான் சொல்லவில்லை. ஒலித்துக் காட்டியபின் அவர்களே பாதியைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுக்க நேரம் போதவில்லை.

அடுத்து வராந்தாவில் தோழி புள்ளி வைத்தார். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று ஏழு வரிசை. மொத்தம் எத்தனை புள்ளி? விரல் விட்டு எண்ணியவர்கள் சிலர். ஒரு பெண், முதல் நான்கு வரிசையைத் தனியே கூட்டி 16 என்றாள், எஞ்சிய மூன்று வரிசை 9, ஆக 25. நான்கு நான்கு 16, மூன்று மூன்று 9 என்று வகுப்பாசிரியை உடனே வாய்பாட்டோடு இணைத்தார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்ற உண்மையைப் பள்ளி வராந்தாவில் அரிசி மாவில் கண்டோம். அடுத்த வாரம் அதையே அவர் கணக்குப் பாடமாக நடத்தினாராம். விருந்தினர் வருகை பாடத்தோடு இணைவது என்றால் இதுதான்.

ஆனால் அன்றைய சிறந்த பகுதி நாங்கள் திட்டமிடாதது. குடியரசு நாளில் கேள்வி கேட்ட அதே சிறுமி எழுந்து, "என் பாட்டியும் மாவில் போடுவார். பூசைக்கும் கல்யாணத்துக்கும். அதற்குச் சௌக் என்று பெயர். ஆனால் கோதுமை மாவு" என்றாள். தோழி மாவு டப்பாவை அவளிடம் நீட்டினார். நடுவில் ஒரு கட்டம், மூலைகளில் இதழ்கள், சுற்றிலும் சிறு வளைவுகள். புள்ளி இல்லை, தயக்கமும் இல்லை. இரண்டே நிமிடத்தில் முடித்தாள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து அவளிடம் கற்றுக்கொண்டோம். என் தோழியின் சௌக் கோணலாக வந்தது. வகுப்பு முழுவதும் எழுந்து வந்து திருத்தியது.

அந்தக் கணத்தில் விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்பது மாறிவிட்டது. விருந்தோம்பல் என்பது கொடுப்பது; கொடுக்க ஒன்றும் இல்லாதவன் விருந்தோம்ப முடியாது. குழந்தையைக் கைகட்டி உட்கார வைத்துவிட்டு, 'விருந்தினரை வரவேற்கிறார்கள்' என்று சொல்வது பொருந்தாது. தன்னிடம் உள்ள ஒன்றை விருந்தினருக்குக் கொடுக்கும் இடம் குழந்தைக்கு வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

இதுவரை ஆறு முறை சென்றிருக்கிறோம். செய்த தவறுகளிலிருந்து கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

போவதற்கு முன் ஒரு முறை வெறுமனே சென்று வகுப்பாசிரியரைப் பாருங்கள். இம்மாதம் என்ன பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். நம் வருகை அவர் வேலைக்குத் துணையாக வேண்டும், இடையூறாகக் கூடாது. தலைமையாசிரியரின் இசைவைக் கடிதமாகப் பெறுங்கள். வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் உடனிருக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்; அது குழந்தைகளுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

பிள்ளைகளை முந்திய நாளே கேள்விகளை எழுதி வைக்கச் சொல்லுமாறு ஆசிரியரிடம் வேண்டுங்கள். எழுதத் தெரியாத சிறியவர்கள் படம் வரையலாம். கூட்டத்தில் எழுந்து பேச அஞ்சும் பிள்ளைக்கும் இதனால் ஒரு வாய் கிடைக்கிறது.

முழுப் பள்ளியும் வேண்டாம். ஒரு வகுப்பு போதும். தரையில் அவர்களோடு உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசாதீர்கள். கையில் தொட்டுப் பார்க்கும் பொருள் ஒன்று இருக்கட்டும். நம்மிடம் எத்தனை இல்லை! பனையோலை, பல்லாங்குழி, நாணயச் சேகரிப்பு, ஆய்வுக்கூடத்துக் காந்தம், தாவரவியல் தோழர்கள் உலர்த்தி வைத்த இலைகள். இயற்பியல் மாணவர் ஒருவர் ஊசித்துளைப் படப்பெட்டி ஒன்றை அட்டையில் செய்து வந்தார். எதிர்த்த அரச மரம் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்க்க வரிசை கலையவே இல்லை.

குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள். குழந்தையைக் காத்திருக்க வைப்பவர் விருந்தினர் அல்லர். வெயிலிலும் பனியிலும் யாரையும் நிறுத்தாதீர்கள். உணவு நேரத்தை விழுங்காதீர்கள். எங்கள் பள்ளியில் புதன்கிழமை தஹ்ரியும் பாலும் தருவார்கள். தஹ்ரி என்பது காய்கறி சேர்த்து மஞ்சளாகச் சமைத்த சோறு. அது ஆறிப்போனால் நம் சொற்பொழிவு அதற்கு ஈடாகாது. அழைத்தால் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து உண்ணுங்கள்.

பரிசு கொடுப்பதாயின் ஒருவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு ஒரு கதைப் புத்தகம், ஒரு நிலப்படம், ஒரு பந்து என்று பொதுவில் வைப்பது நன்று. படம் எடுப்பதாயின் முன்கூட்டிப் பள்ளியிடமும் பெற்றோரிடமும் இசைவு பெறுங்கள். பொருள் வாங்கும் கையோடு குழந்தையின் முகத்தைப் படமெடுத்துப் பலரும் பார்க்கப் போடுவது அறமன்று. நம் தம்பி தங்கையை அப்படிப் படமெடுக்க நாம் விடுவோமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடி செல்லுங்கள். செல்ல இயலாதென்றால் 'வருவேன்' என்று சொல்லாதீர்கள். 'நாளை' என்ற சொல்லைப் பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை அதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறது.

நமக்கு முன்னுள்ள கேள்வி

வரும் நவம்பர் 14க்கு நம் சங்கம் என்ன செய்யப் போகிறது என்று செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. ஆண்டுதோறும் செய்வது போல ஒரு பள்ளிக்குச் சென்று, குறிப்பேடும் எழுதுகோலும் வழங்கி, பதாகையின் முன் நின்று படம் எடுத்துத் திரும்பலாம். சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்தேன். பதாகைக்கும் மாலைகளுக்கும் ஆன செலவு எழுதுகோல்களுக்கு ஆன செலவைவிடக் கூடுதல். யாரையும் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அக்குழுவில் நானும் இருந்தேன்.

என் கருத்து எளியது. பதாகையை விட்டுவிடுவோம். ஒரே பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு பேர், முக்கால் மணி நேரம். ஆண்டுக்குப் பத்து முறை சென்றாலும் இருபது பேர் ஒரு முறை சென்றால் போதும். நம் சங்கத்தில் அதைவிடப் பல மடங்கு பேர் இருக்கிறோம்.

இதில் எனக்கு ஒரு தன்னலமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. வரும் மே மாதத்துடன் என் படிப்பு முடிகிறது. கோலம் போட்ட தோழிக்கும் அவ்வாறே. சென்ற மாதம் பால சபை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் சட்டையை இழுத்து, "அடுத்த வருஷமும் நீங்கள்தானே வருவீர்கள்?" என்றான். சனவரியில் கேட்ட கேள்வியையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு வருகையில் நாங்கள் சம்பாதித்தது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

அவனுக்கு நான் விடை சொல்லவில்லை. "யாராவது ஒருவர் கட்டாயம் வருவார்" என்று சொல்லிவிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. விருப்பமுள்ளவர்கள் சங்க அறையில் தொங்கும் பட்டியலில் தங்கள் பெயரையும், தங்களிடம் உள்ள தொட்டுப் பார்க்கத்தக்க பொருள் ஒன்றின் பெயரையும் எழுதி வையுங்கள். சைக்கிள் இல்லாதவர்களுக்கு என் சைக்கிள் இருக்கிறது. அதையும் மே மாதத்தில் விட்டுத்தான் போகிறேன்.